வாய்க்காலுக்கு அப்பாலும் ஒரு நகரம்

விடுமுறையில் கொல்கத்தாவிலிருந்து தமிழகம் செல்லும் குடும்பங்கள் சில, ஒரு நாளைப் புதுச்சேரிக்கு ஒதுக்குகின்றன. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு இரவில் திரும்பிவிடலாம். அந்த ஒரு நாள் பெரும்பாலும் மஞ்சள் சுவர்களின்முன் நின்று படம் எடுப்பதிலும், கடற்கரையில் உலாவுவதிலும் கழிந்துவிடுகிறது. இன்பமான நாள்தான், எனினும் அது பாதி நகரை மட்டுமே கண்ட நாளாகும். மறுபாதியையும் காண விரும்பும் தமிழ் மாணவர், வங்காள நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

புதுச்சேரியைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் கடலை ஒட்டிய கிழக்குப் பகுதியில் ஐரோப்பியரும், மேற்குப் பகுதியில் தமிழரும் வாழ்ந்தனர். கிழக்கே மஞ்சளும் வெண்மையும் பூசிய உயர்ந்த மதில்கள்மீது காகிதப்பூக் கொடிகள் படர்ந்து கண்ணைக் கவர்கின்றன. ஆனால் முற்றமும் தோட்டமும் மதிலுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மேற்கே உள்ள பழைய தமிழ் வீடுகளோ தெருவை நோக்கித் திண்ணையுடன் அமைந்தவை. திண்ணையின் முன்னுள்ள தாழ்வாரம் தெருவில் நடப்போருக்கும் நிழல் தருகிறது. வண்ணத்தால் கிழக்கு சிறக்கிறது. வரவேற்பால் மேற்கு சிறக்கிறது.

வங்காள நண்பர் திண்ணையைக் கண்டதும், "இது எங்கள் ரோவாக் அல்லவா!" என்று வியக்கக்கூடும். வட கொல்கத்தாவின் பழைய வீடுகளின்முன் உள்ள ரோவாக்கில் அமர்ந்துதானே மக்கள் அட்டா என்னும் அரட்டையில் பொழுது போக்கினர்? "உங்கள் திண்ணையில் யார் அமர்வார்கள்?" என்று அவர் கேட்டால், தமிழ் மாணவர் விடை சொல்லியாக வேண்டும். தாத்தா பாட்டியிடம் கேட்காதவருக்கு அவ்விடை தெரியாது. தனியே செல்லும்போது எழாத கேள்வி, நண்பருடன் செல்லும்போது எழுகிறது. பிறருக்கு விளக்க முயலும்போதுதான் நம் ஊரைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பது விளங்குகிறது.

விளக்கும் கடமை நண்பருக்கும் உண்டு. கொல்கத்தாவில் 1872ஆம் ஆண்டு பிறந்த அரவிந்தர், 1910ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் பிடியிலிருந்து விலகி, முதலில் சந்தன்நகருக்கும் பின்னர்க் கடல்வழியே புதுச்சேரிக்கும் சென்றார். இரண்டும் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்கள். அவர் வருவதற்கு முன்னரே, 1908ஆம் ஆண்டு முதல் பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்து வந்தார். வங்காளத்தவரும் தமிழரும் அங்கே நண்பர்களாயினர். இன்று அரவிந்தர் ஆசிரமம் வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ளது. பாரதியார் வாழ்ந்த வீடு மேற்கே நினைவில்லமாக உள்ளது. ஒருவரைப் பற்றி நண்பரும், மற்றவரைப் பற்றித் தமிழ் மாணவரும் எடுத்துரைத்தால் பயணம் முழுமை பெறும்.

"இவ்வளவு தொலைவு நண்பரை அழைத்துச் செல்ல எல்லாராலும் இயலுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அத்தகையோர்க்குச் சந்தன்நகர் அருகிலேயே இருக்கிறது. ஹௌராவிலிருந்து புறநகர் மின்தொடர்வண்டியில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அங்கே இறங்கலாம். அங்கே கடல் இல்லை. ஹூக்ளி ஆற்றங்கரையின் அழகிய நடைபாதை உண்டு. புதுச்சேரியின் ஆளுநராக 1742ஆம் ஆண்டு பொறுப்பேற்ற டூப்ளே, அதற்குமுன் சந்தன்நகரில்தான் நிருவாகப் பொறுப்பு வகித்தார். அங்கே நண்பர் வழிகாட்டட்டும். தமிழ் மாணவர் கேள்வி கேட்கட்டும்.

புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகள் சொந்த மாநிலத்தில் விருந்தினராகவும், வாழும் மாநிலத்தில் அயலாராகவும் இருந்துவிடக் கூடாது. அடுத்த விடுமுறைக்குமுன் திண்ணையைப் பற்றி வீட்டுப் பெரியவரிடமும், ரோவாக்கைப் பற்றி நண்பரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வது அதற்கு நல்ல தொடக்கமாகும்.