செத்துப்போன நிலமும் சொத்துக் கணக்கில் வருமா?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் கரும்பு நிலுவை, ஏரி வாய்க்கால், உர விலை என்றுதான் எழுதுவோம். இந்தத் தடவை மாத்திரை விலையும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையும். "இது நம்ம சங்கத்து வேலையா?" என்று கேட்கிறவர்கள் அவரவர் வீட்டுத் திண்ணையைத் திரும்பிப் பார்க்கட்டும். கால் வராத தம்பி, பேச்சு வராத மகள், கை விழுந்துபோன பெரியவர், யாராவது ஒருவர் இல்லாத தெரு நம்ம பக்கத்தில் உண்டா?

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் தம்பிக்கு மூணு வயசில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. 60 சதவீதம் என்று டாக்டர் சான்று இருக்கிறது. அப்பா பாகம் பிரித்தபோது அவன் பங்குக்குப் பாலாற்றோரம் 90 சென்ட், கிணற்றில் பாதி பாத்தியம். அந்தக் கிணறு என்ன கதிக்கு வந்தது என்று ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் ஷாப்புக் கழிவு இறங்கித் தண்ணீர் பழுப்பாச்சு, உப்பாச்சு. நெல் போய், தென்னை போய், இப்போது அதில் சீமைக் கருவேலம் மட்டும்தான் நன்றாக வருகிறது.

உதவித்தொகைக்கு மனு போட்டான். "உன் பேரில் பட்டா இருக்கு, நீ ஆதரவற்றவன் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் கூடவே போயிருந்தேன். "அந்தக் கிணத்துத் தண்ணியில ஒரு சொம்பு கொண்டாந்து தரட்டுமா சார், குடிச்சுப் பாக்குறீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இதில் இருக்கிற அநியாயத்தைக் கவனியுங்கள். 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் நம்ம வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவனே நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்படி அமைந்த ஆணையம் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, 2001-ல் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று தீர்மானித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஏழு வருஷ நாசத்துக்கு அவ்வளவுதான்! அதுவும் எல்லாருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாக்கி இருக்கிறவர்களுக்கு மாநில அரசே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது.

அந்தப் பட்டியலில் என் தம்பி பேரும் இருக்கிறது. அரசாங்கத்தின் ஒரு கை "உன் நிலம் பாழாப்போச்சு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. இன்னொரு கை "உனக்குத்தான் நிலம் இருக்கே" என்று மனுவைத் தள்ளுகிறது. ரெண்டு கையும் ஒரே உடம்பில்தானே இருக்கிறது?

தொகையாவது பெரிசா என்றால் அதுவும் இல்லை. வருவாய்த் துறை மூலம் தருகிற மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை மாநில அரசு 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆக்கியது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2,000 ஆனது. ஒன்றிய அரசின் பங்கு? 2012-ல் 300 ரூபாய் ஆக்கினார்கள், அதோடு மறந்துவிட்டார்கள். அதுவும் 80 சதவீதம் பாதிப்பு இருந்தால்தான். 2016-ல் அவர்களே போட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 சதவீதம் இருந்தாலே போதும் என்று இருக்கிறது. சட்டத்துக்கு 40, பணத்துக்கு 80! அதே சட்டம் 37-வது பிரிவில், விவசாய நிலம் ஒதுக்கும் திட்டங்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்கிறது. நம்ம பக்கம் அப்படி நிலம் வாங்கினவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மலை ஏறினால் ஆந்திரா. அங்கே 2024-ல் இந்தத் தொகையை 3,000-லிருந்து 6,000 ஆக்கிவிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலுக்கு ஒரு விலை, இந்தப் பக்கம் இருக்கிற காலுக்கு ஒரு விலை.

மருந்து விஷயத்தில் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். 1994-லிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்வதால்தான் அரசு ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரை தட்டில்லாமல் கிடைக்கிறது. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கம்மாவுக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் தம்பியின் நரம்பு வலி மாத்திரை அதில் வராது, கடையில்தான் வாங்க வேண்டும். 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகம் திறந்தார்கள், மக்கள் மருந்தகமும் இருக்கிறது. கம்பெனிப் பேர் இல்லாமல் அதே மருந்து, விலை பாதிக்கும் கீழே. சந்தோஷம். ஆனால் எங்களுக்குப் பக்கத்துக் கடை டவுனில் இருக்கிறது. படி ஏற முடியாதவன் பஸ்ஸில் எப்படிப் போவான்? ஆட்டோ பிடித்தால் மாத்திரையில் மிச்சம் பிடித்தது ஆட்டோக்காரருக்குப் போகிறது. (அவரைக் குறை சொல்லவில்லை, டீசல் விலை அப்படி.)

வழி இல்லாமல் இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்களில் 2,000 இடத்தில் மக்கள் மருந்தகம் திறக்கலாம் என்று 2023 ஜூனில் ஒன்றிய அரசே சொன்னது. யூரியா மூட்டை வந்து இறங்குகிற நம்ம சொசைட்டியில் ஒரு மருந்து அலமாரியும் ஒரு மருந்தாளுநரும் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நஷ்டஈட்டுப் பட்டியலில் உள்ள நிலத்தைச் சொத்தாகக் கணக்குப் பண்ணாதே! ஆந்திரா கொடுக்கிறதை இங்கேயும் கொடு! ஒன்றிய அரசே, 300-ஐ உயர்த்து, 80-ஐ 40 ஆக்கு! ஒவ்வொரு சொசைட்டியிலும் மலிவு மருந்தகம் திற!

இந்த நாலையும் எழுதி வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மூணு கலெக்டர் ஆபீஸிலும் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுக்கப் போகிறோம். மாற்றுத்திறனாளி அட்டை, பட்டா நகல், முன்பு நிராகரித்த கடிதம், நஷ்டஈட்டுப் பட்டியலில் பேர் இருந்தால் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரைப் பாருங்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சங்கம் வண்டி வைக்கும். மனு எழுதத் தெரியாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் என் வீட்டுக்கு வாருங்கள், நானே எழுதித் தருகிறேன். எழுத்துக்கூலி கிடையாது, பேனா மட்டும் கொண்டு வாருங்கள், என்னுடையது தீர்ந்துபோச்சு.