அகவையும் பணிநிறைவும்

நமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, கல்லூரியின் பழம்பெருமை பற்றி யான் எழுதுவேனென்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அப்பணியை என்னினும் மூத்தோர் செவ்வனே ஆற்றுவர். யான் எழுதப் புகுந்தது வேறொரு பொருள். ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சொன்று உண்டு: “வயது போகப் போக எல்லாம் பழகிவிடும் தம்பி, பிறகு தொழில் இனிக்கும்.” இளையோர் முறையிடும்போது மூத்தோர் கூறும் ஆறுதல் இது. நாற்பதைக் கடந்து நிற்கும் யான் இவ்வாறுதலை இருபுறமும் அறிவேன். முன்னர் எனக்குச் சொன்னார்கள். இப்பொழுது யான் பிறர்க்குச் சொல்லுகின்றேன். சொல்லும்போது சிறிது நாக்கூசுகின்றது. ஆகவே அது மெய்தானாவென்று ஆராயப் புகுந்தேன்.

மேலைநாட்டார் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். 1935ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான றொபேட் ஹொப்பொக் என்பார் ஆசிரியர்களை ஆராய்ந்து, பணியில் மனநிறைவு கொண்டோர் நிறைவில்லாதோரினும் வயதில் மூத்தவரென்று கண்டார். 1957இல் ஹேர்ஸ்பேர்க் என்பாரும் அவர் துணைவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி நோக்கி, பணியிற் புகும்போது நிறைவு உயர்ந்திருக்கும், சில ஆண்டுகளில் வீழும், பின்னர் மெல்ல உயரும் என்றனர். 1996இல் கிளார்க், ஒஸ்வால்ட், வார் என்னும் மூவர் பிரித்தானிய ஊழியர் ஐயாயிரவருக்கு மேற்பட்டோரின் விடைகளைக் கணக்கிட்டு அதே வளைவைக் கண்டனர். ஏறத்தாழ முப்பது வயதளவில் அவ்வளைவு அடித்தளத்தைத் தொடுகின்றதாம்.

அப்படியாயின் மூத்தோர் வாக்கு மெய்யே என்று மகிழ்ந்து எழுந்துவிடலாம். யான் அவ்வாறு எழவில்லை. அம்மூவரின் கணக்கு ஒரே காலத்தில் வெவ்வேறு வயதினரைக் கேட்டறிந்தது. ஒருவரையே முப்பதாண்டு பின்தொடர்ந்து கண்டதன்று. பணியை வெறுத்தோர் இடையிலே விலகிப் போய்விட, எஞ்சி நிற்போரைக் கேட்டால் அவர் நிறைவென்றுதானே சொல்லுவர்? உதிர்ந்த காயை எண்ணாது, மரத்தில் நிற்கும் பழத்தை மட்டும் எண்ணினாற் போன்றது அது. அன்றியும், முப்பது வயதென்பது நமக்குப் பொருந்துமா? நம் நாட்டிலே பட்டம் பெற்றுப் பல்லாண்டு காத்திருந்து, முப்பதைத் தாண்டிய பின்னரே நியமனக் கடிதத்தைக் கையிற் காண்போர் பலர். அவர்க்குச் சரிவு நாற்பதிலே தொடங்கும். எனவே எண்ணத்தக்கது உடலின் வயதன்று, சேவையின் வயதே என்று கருதுகின்றேன்.

மருதமுனையிலே கைத்தறி நெய்யும் முதியவர் ஒருவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். தறியில் அமர்ந்தால் நேரம் போவதே தெரியாதென்றார். அவர் முகமும் அதற்குச் சான்று பகர்ந்தது. “உங்கள் மகனுக்கும் இத்தொழிலைப் பழக்குவீர்களா, காக்கா?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “அவன் வேறு ஏதும் செய்யட்டும் சேர்,” என்றார். அன்றுமுதல் நிறைவென்னும் சொல்லை யான் ஐயத்தோடே நோக்குகின்றேன். பழகிப்போனதால் வரும் அமைதி வேறு; இத்தொழில் நல்லது, என் பிள்ளையும் செய்யட்டும் என்னும் நிறைவு வேறு. ஆய்வாளர் தரும் வினாக்கொத்தில் இவ்விரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகின்றன. நம் ஆசிரியர் அறையிலும் இவ்வினாவைக் கேட்டுப் பாருங்கள். விடை சொல்லுமுன் எத்தனைபேர் யன்னலூடாக வெளியே பார்க்கின்றனர் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆசிரியரைப் பற்றியே தனியாக எழுந்த ஆய்வுகளுள் என்னைப் பெரிதும் உலுக்கியது மைக்கல் ஹியூபர்மன் என்பார் சுவிற்சர்லாந்தில் நடத்தியது. இடைநிலைப் பாடசாலை ஆசிரியர் 160 பேரை நெடிதிருந்து பேசச்செய்து, அவர்தம் பணிவாழ்வைக் கேட்டெழுதினார். முதுமையில் எல்லாரும் ஒரே துறையிற் கரையேறுவதில்லை என்று அவர் கண்டார். சிலர் அமைதியாக விடைபெறுகின்றனர். சிலர் கசந்து போகின்றனர். தம் வகுப்பறைக்குள்ளே சிறுசிறு புதுமைகளைத் தாமே செய்து பார்த்துக்கொண்டிருந்தோர் பெரும்பாலும் அமைதியோடு முடித்தனர். பாடசாலை முழுதையும் மாற்றும் பெரிய சீர்திருத்தங்களுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து உழைத்தோரே மிகுதியும் ஏமாற்றமடைந்தனர்.

இதனைப் படித்தபோது என்னைப் பார்த்தே எழுதினாரோவென்று திகைத்தேன். 2007இல் தேர்ச்சிமையப் பாடத்திட்டம் வந்தபொழுது யான் இளைஞன். செயலமர்வு எங்கு நடப்பினும் ஓடினேன். சவளக்கடையிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, கிட்டங்கித் தாம்போதியின் மேல் மாரிவெள்ளம் பாயும் நாட்களிலும் துவிச்சக்கரவண்டியைத் தோளிலே சுமந்து கடந்தேன். (அந்நாளில் முழங்காலும் இளமையாயிருந்தது.) அட்டவணைகள் வரைந்தோம், மதிப்பீட்டுப் படிவங்கள் நிரப்பினோம். ஆண்டுகள் சென்றன. யான் அன்று பணியாற்றிய பாடசாலையில் அப்படிவங்கள் கட்டுக்கட்டாக மூலையிற் கிடந்ததையும் பின்னர்க் கண்டேன். அவற்றை ஒருவரேனும் விரித்துப் படித்தாரென்று யான் கேள்விப்பட்டதில்லை. மாறாக, அக்காலத்திலே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குப் பாடசாலை விட்டபின் யாப்பிலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். எவரும் பணிக்காத வேலை. இன்று அவருள் ஒருவர் தெருவிற் கண்டு, “சேர், வெண்பாவில் இன்னும் தளை தட்டுகின்றது” என்று சொன்னால், அன்றைய சோறு இனிக்கின்றது.

நமது நாட்டு ஆசிரியர்க்கு அண்மைக் காலத்தில் நேர்ந்தவற்றையும் சொல்லாது விடலாகாது. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கவேண்டி 2021 ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகி நின்றோம். அவ்வாண்டு நவம்பரில் வெளியான வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக்கியது. ஓராண்டு நிறையுமுன், 2022 ஓகஸ்டின் இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதனை மீண்டும் 60 ஆக்கியது. அறுபதைக் கடந்தோர் அவ்வாண்டு டிசெம்பர் 31உடன் வீடு செல்லவேண்டியவராயினர். இளையோரைப் பணிக்கு எடுக்கவும் செலவைக் குறைக்கவும் அது வேண்டியதென்பதை மறுக்கின்றேனல்லேன். ஆயினும் வயதென்பது ஓர் எண், அதனை மேலும் கீழும் நகர்த்திவிடலாம் என்னும் எண்ணம் அவ்விரு அறிவிப்புக்களிலும் ஒன்றுபோலவே இருந்தது.

அந்நாளில் விடைபெற்றோருள் எனக்கு ஆசானாயிருந்த பெரியார் ஒருவரும் உளர். யான் புதிதாய்ப் பணியேற்றபோது, தமக்குப் பாடமில்லாத வேளையிலே வந்து என் வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்துகொள்வார். குறை சொல்ல வந்தாரென்று முதலில் அஞ்சினேன். ஒருநாள் பாடம் முடிந்தபின், “நீர் பாட்டை விளக்குமுன் இருமுறை வாய்விட்டுப் படியும், பிள்ளைகள் அரைவாசியை அதிலேயே விளங்கிக்கொள்வார்கள்” என்றார். இருபதாண்டில் யான் பெற்ற பயிற்சிகளுள் அதற்கு நிகரானதில்லை. பயிற்சிக் கலாசாலை எனக்குச் சான்றிதழ் தந்தது. தொழிலைத் தந்தது அக்கடைசி வாங்கு. அவர்க்கும் அதில் ஓர் இன்பம் இருந்ததென்பதை இப்போது உணர்கின்றேன். புகும்போது ஆசிரியனுக்குப் புதுமை உண்டு. முடிக்கும்போது கையளிப்பதற்கு ஒருவன் உண்டு. நடுவிலே நிற்பவனுக்கு இடாப்பும் பகுதித்தலைமையும் கூட்டக்குறிப்பும் அல்லால் வேறென்ன உண்டு?

ஆயினும் நடுவயது சரிந்தே தீரவேண்டுமென்னும் விதியில்லை என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளார் எம்போல் ஆசிரியராகவே தொழிலைத் தொடங்கியவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானபோது அவர்க்கு வயது முப்பத்தொன்பது. அதற்குப் பின்னர் வந்த ஆண்டுகளில், இடையிடையே இதழாசிரியர், மீண்டும் பேராசிரியர் எனப் பணிகள் மாறிக்கொண்டிருக்கவும், ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் யாழ் நூலுக்கு உழைத்தார். அது 1947 ஜூன் மாதத்தில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். பிறர் சரியும் வயது அவர்க்குச் செழித்த வயதாயிற்று. அவர் துறவி, நாம் குடும்பத்தார் என்று ஒருவர் மறுக்கலாம், மறுப்பு நேரியதே. ஆனாலும் தனக்கென ஓர் ஆராய்ச்சி, எவரும் பணிக்காத ஒரு வேலை, ஒருவனை எத்துணை காலம் தாங்கும் என்பதை அவர் வாழ்விற் காணலாம்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கும் அதிபர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்விழாவில் ஓய்வுபெற்ற ஆசான்மார்க்குப் பொன்னாடை போர்த்தப்போகின்றோம், போர்த்துக. அத்தோடு, விரும்பி உடன்படுவோர்க்கு வாரத்தில் ஒரு பாடவேளை கடைசி வாங்கிலும் இடந்தருக. புதிய ஆசிரியரோடு அவர் அமரட்டும். போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்றல் பெரிய காரியமன்று. பதினைந்தாண்டு சேவையைக் கடந்த ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் ஒரு வகுப்பை ஆறாம் ஆண்டிலே ஒப்படைத்துப் பதினோராம் ஆண்டுவரை அவரோடே செல்லவிடுக. ஈடாக ஒரு குழுப்பொறுப்பைக் கழித்துவிடுக. நேரசூசி வகுப்போர்க்கு இது தலைவலியாகும் என்பதை யான் அறிவேன். இருமுறை அத்தலைவலியை யானே சுமந்துள்ளேன்.

2022 ஜூன் மாதத்திலே வெளிநாட்டுத் தொழிலுக்காக ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறை பெறலாமென்று சுற்றறிக்கை வந்தது. யானும் ஒரு விண்ணப்பம் எழுதினேன், கையொப்பமும் இட்டேன், கொடுக்கவில்லை. அது இன்னும் என் மேசை இழுப்பறையிற் கிடக்கின்றது. அடுத்த தவணை நேரசூசி வெளிவந்தபின் அதனை எடுத்துப் பார்க்கலாமென்றிருக்கின்றேன்.