வாய்தா என்னும் வியாதி

காலை பத்தரை மணிக்கு ஜில்லா கோர்ட்டு வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதன்று. சேவகன் பெயரைக் கூவுகிறான். கக்ஷிக்காரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடுகிறான். ஒரு நிமிஷத்தில் மற்றொரு தேதியோடு திரும்பி வருகிறான். பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போயின. இவ்வாறு கீழ்க் கோர்ட்டுகளில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் தேசமெங்கும் நான்கு கோடிக்கு மேல். 2022-ம் வருஷக் கடைசியில் நம் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றவாளி என்று எந்த ஜட்ஜும் இன்னும் சொல்லாதவர்கள்!

1950-ம் வருஷம் டெமிங் என்ற அமெரிக்க நிபுணர் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்கு உபந்நியாசங்கள் செய்தார். சரக்கு தயாரான பிறகு பரிசோதித்துக் கழிப்பதால் தரம் உண்டாகாது. பிழை பிறக்கும் இடத்தைத் தயாரிப்பு முறையிலேயே தேட வேண்டும். பெரும்பாலான பிழைகளுக்குத் தொழிலாளியல்ல, முறையை வகுத்த நிர்வாகமே பொறுப்பு என்பது அவர் உபதேசம். ஜப்பானியர் கேட்டு நடந்தனர்; பலன் உலகறிந்தது.

நியாயஸ்தலம் மோட்டார் ஆலையா என்று சிலர் சீறுவர். அன்று என்பதே நம் கருத்தும். தீர்ப்பை அளக்க நாம் சொல்லவில்லை. அது ஜட்ஜின் மனச்சாக்ஷியைச் சேர்ந்தது. ஆனால் சம்மன் எத்தனை நாளில் சார்வாயிற்று, வந்த சாக்ஷி விசாரிக்கப்படாமல் எத்தனை முறை திரும்பினான் என்பவற்றை அளப்பதால் எந்த நீதிபதியின் சுதந்திரமும் குறைந்துவிடாது. இப்பொழுது நாம் செய்வதென்ன? பிழைகளையெல்லாம் அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். இதுவே டெமிங் கண்டித்த கடைசிப் பரிசோதனை. கீழ்க் கோர்ட்டு ஜட்ஜுகளுக்கோ, முடித்த வழக்குகளுக்கு இத்தனை ‘யூனிட்டு’ என்று கணக்கு. எளிய வழக்குகள் விரைவில் முடிகின்றன. இருபது வருஷப் பாகவழக்கு அலமாரியில் உறங்குகிறது. ஜட்ஜைக் குறை கூறிப் பயனில்லை, கணக்கே அப்படி.

சட்டம் மட்டும் போதாது என்பதற்குச் சாக்ஷியம் நம் கையிலேயே இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, விசாரணையில் ஒரு கக்ஷிக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாதென்ற விதி 2002 ஜூலையில் அமுலுக்கு வந்தது. சேலம் வக்கீல் சங்கத்தார் தொடுத்த வழக்கில், கக்ஷியின் சக்திக்கு மீறிய அபூர்வ காரணமிருந்தால் அதற்கு மேலும் தரலாமென்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டார் கூறினர். தீர்ப்பு நியாயமானதே. ஆனால் அபூர்வமென்று திறந்த கதவு ராஜபாட்டையாகிவிட்டது. அதன் வழியே நடந்த வக்கீல்களில் நாமும் ஒருவர் என்பதை மறைப்பானேன்?

பத்து லக்ஷம் ஜனங்களுக்கு 50 ஜட்ஜுகள் வேண்டுமென்று லா கமிஷன் 1987-ல் சொல்லிற்று. அதில் பாதியைக்கூட நாம் எட்டவில்லை. இது ஸர்க்கார்களின் குற்றம். இதை மன்னிக்க முடியாது. எனினும், சம்மன் போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கும் வரையில் புதிய ஜட்ஜும் வாய்தாத்தானே போடுவார்?

கோர்ட்டு நிர்வாகத்தைச் சீர்ப்படுத்த 2012-ல் ஒரு தேசியத் திட்டம் வகுக்கப்பட்டது. வழக்குகளின் கணக்கை இன்று எவரும் கம்ப்யூட்டரில் காணலாம். தாமதத்தின் காரணத்தைப் பதியவும் அதில் இடமுண்டு. காரணத்தை எழுதியதோடு காரியம் முடிந்ததென்று இருப்பதுதான் விபரீதம். ஹைக்கோர்ட்டார் ஒரே ஒரு ஜில்லாவை எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு வாய்தாவின் காரணமும் மாதந்தோறும் கோர்ட்டு வாசலில் ஒட்டப்படட்டும். ஜில்லா ஜட்ஜும் வக்கீல் சங்கத்தாரும் போலீஸ் அதிகாரியும் கூடி, முதலாவதாக நிற்கும் காரணத்தை மட்டும் ஆறு மாதத்தில் பாதியாகக் குறைக்க முயலட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். சேலத்திலேயே தொடங்கினால் நமக்குச் சந்தோஷம்.