மாத்திப் பார்த்துடலாம் சார்!

நீங்கள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறீர்கள், 1986-ம் வருஷத்து போர்ஷே 944 ஒன்றை மலிவாக வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (வைத்துக்கொள்ளத்தானே, காசா பணமா?) முன்பக்கம் 2.5 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜின். கியர்பாக்ஸ் மட்டும் பின்னால். 1982-லிருந்து 1991 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்து விற்ற ஸ்போர்ட்ஸ் கார். காலையில் ஒரே திருகலில் கிளம்புகிறது. மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டு, கடைக்குள் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால் மக்கர். அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி போய்விடுகிற மாதிரி. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்வார். எந்த ஊரில், எந்த பாஷையில் சொன்னாலும் அர்த்தம் ஒன்றுதான். "எதுக்கும் பேட்டரியை மாத்திப் பார்த்துடலாம் சார்."

என் சண்டை இந்த வாக்கியத்தோடுதான்.

பேட்டரி போகும். அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார். அப்புறம் பெட்ரோல் பம்ப். ஒவ்வொன்றை மாற்றியதும் ஒரு வாரம் வண்டி நன்றாக ஓடும். பில் கட்டிவிட்டு சந்தோஷமாக வருவீர்கள். விட்டுவிட்டு வருகிற கோளாறு ஒரு வாரம் விடத்தானே செய்யும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்கு நீங்கள் காக்கைக்கு ஃபீஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதில் இன்னொரு அநியாயம், நல்ல நிலையில் இருந்த ஒரிஜினல் பாகங்கள் குப்பைக்குப் போய், ஏதோ ஒரு மலிவுச் சரக்கு உள்ளே வந்து உட்காரும்.

முதலில் 'ஸ்டார்ட் ஆகலை' என்பதே ஒரு புகார் இல்லை. சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றவே இல்லையா, சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா? இரண்டும் வேறு வேறு வியாதி. சுற்றவில்லை என்றால் பேட்டரி, கேபிள், எர்த் பக்கம் போகவேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையில் மீட்டரின் ஒரு ஒயரையும், இன்ஜின் பிளாக்கில் இன்னொன்றையும் வைத்துக்கொண்டு சாவியைத் திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. புது பேட்டரி போட்டும் பிரயோஜனம் இல்லை. ஒரு நிமிஷ வேலை. எத்தனை பேர் செய்கிறார்கள்?

நம் கற்பனை வண்டியில் இன்ஜின் சுற்றுகிறது, பற்றவில்லை. 944-ஐத் தெரிந்தவர்கள் உடனே ஒரு பெயர் சொல்வார்கள்: டி.எம்.ஈ. ரிலே. உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. பெட்ரோலையும் பொறியையும் சேர்த்து நிர்வகிக்கிற கம்ப்யூட்டருக்கும், பெட்ரோல் பம்ப்புக்கும் இதுதான் கரன்ட் அனுப்புகிறது. வருஷக்கணக்கான சூட்டிலும் அதிர்ச்சியிலும் உள்ளே சால்டர் வைத்த இடத்தில் மயிரிழை விரிசல் விழும். சூடானால் விரிசல் திறந்துகொள்ளும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பலர் ஒரு ரிலேயை டேஷ்போர்டு பெட்டியில் ஸ்பேராகவே வைத்திருப்பார்கள்.

"அப்ப ரிலேயை மாத்திடலாமே?" என்கிறீர்கள். பார்த்தீர்களா, நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்கள்! ரிலேயைப் பிடுங்கித் திரும்பச் செருகினாலே சில சமயம் கிளம்பிவிடும். பழுது ரிலேயிலா, அது உட்காருகிற சாக்கெட்டிலா என்பதற்கு இருந்த ஒரே தடயத்தையும் நீங்களே கலைத்துவிட்டீர்கள். இதே அறிகுறியை இன்னொருத்தரும் காட்டுவார். ஃப்ளைவீல் பக்கத்தில் இரண்டு சென்ஸார்கள் இருக்கின்றன. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அவைதான். சூட்டில் அவற்றின் பிளாஸ்டிக் கனெக்டர்கள் அப்பளமாக நொறுங்கும். அந்தச் செய்தி வராவிட்டால் பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பனிரண்டு வோல்ட் குட்டி பல்பு இரண்டு. ஒன்றைக் கம்ப்யூட்டருக்குப் போகிற கரன்டில், மற்றதைப் பம்ப்புக்குப் போகிற கரன்டில், ஆளுக்கொரு ஃபியூஸோடு இணைத்து டேஷ்போர்டு மேல் ஒட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள். வண்டி மக்கர் செய்கிற நேரம் எதையும் தொடாமல், சாவியைத் திருகியபடி பாருங்கள். முதல் பல்பு எரியவில்லையா? ரிலே, அல்லது அதற்கு வருகிற கரன்ட். முதல் பல்பு எரிகிறது, ஆனால் ஆர்.பி.எம். முள் செத்துக் கிடக்கிறதா? சென்ஸாரைச் சந்தேகியுங்கள். முள் லேசாகத் துள்ளுகிறது, இரண்டாவது பல்பு மட்டும் எரியவில்லையா? ரிலேயின் பம்ப் பாதி. இரண்டும் எரிந்து முள்ளும் துள்ளினால் பம்ப்பையோ பொறியையோ பார்க்கலாம். ஒரு காபி செலவு.

மெக்கானிக் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கோளாறு வருகிறவரை உங்கள் வண்டியைக் கட்டிக்கொண்டு காத்திருக்க அவருக்கு வாடகை யார் தருவது? இரண்டு மணி நேரம் மீட்டரை வைத்து யோசித்துவிட்டு, "ஒரு கனெக்டர் லூஸ், சரி பண்ணிட்டேன்" என்று கூலி கேட்டால் நாம் கொடுப்போமா? "சும்மா ஒயரை அழுத்தினதுக்கா?" என்போம். அட்டைப் பெட்டியில் வந்த புது பாகம் என்றால் பேசாமல் கொடுத்துவிடுவோம். மாத்திப் பார்க்கிற கலாசாரத்தை வளர்த்தது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மட்டும் இல்லை, நீங்களும் நானும்தான்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நின்ற தேதி, வெயிலா மழையா, அதற்கு முன் எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள், நிறுத்தி எத்தனை நிமிஷம், முள் துள்ளியதா, எத்தனை நிமிஷம் கழித்துக் கிளம்பியது, எல்லாம் எழுதுங்கள். அதோடு போய், "யோசிக்கிறதுக்கு எவ்வளவு சார்ஜ்?" என்று கேளுங்கள்.

அப்போதும் அவர் "மாத்திப் பார்த்துடலாம்" என்றால், "எதை அளந்து பார்த்தீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் வரவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வண்டியும் கிளம்பினால்.