பாலுவும் செயல்படாத கணக்கும்

2020 செப்டம்பர் 25. எஸ்.பி.பி. மறைந்த செய்தி வந்ததும் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி வாசலில் நின்று "மா பாலு" என்று அழுதார். ஹைதராபாத் வந்து இத்தனை வருஷமாகியும் எனக்குள் ஒரு சின்னப் பொறாமை. அவர் நம்ம ஆளுன்னு நினைச்சிட்டிருந்தேனே!

"அப்பா சாம்பமூர்த்தி பெரிய ஹரிகதை கலைஞர். ரத்தத்திலேயே வந்தது" என்றார் ஆன்ட்டி. அன்று தலையாட்டினேன். இன்று யோசித்தால் அது பாதி உண்மைதான்.

ஹரிகதைன்னா நம்ம ஊர் கதாகாலட்சேபம் மாதிரி. ஒரே ஆள் பாடணும், கதை சொல்லணும், ராமனாகவும் ராவணனாகவும் மாறணும். நெல்லூரில் அதைப் பார்த்து வளர்ந்த பையன்தான் பின்னாளில் தெலுங்கு 'தசாவதாரம்' (2008) படத்தில் கமலின் பத்து வேஷங்களில் ஏழுக்குக் குரல் கொடுத்தார். வீடு கொடுத்த சொத்து அது.

ஆனால் அப்பாவுக்கு மகன் இஞ்சினியர் ஆகணும்னுதான் ஆசை. முறையான சங்கீதப் பயிற்சியும் கிடையாது. 'சங்கராபரணம்' தேசிய விருது வாங்கித் தந்ததென்றால் அதற்குப் பின்னால் அத்தனை உழைப்பு. தமிழும் அப்படியே. உச்சரிப்பைச் சரி செய்துகொண்டு வா என்று எம்.எஸ்.வி. திருப்பி அனுப்பினார். கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. கற்றுக்கொண்டு வந்தார். 1969-ல் 'ஆயிரம் நிலவே வா' பாடியவரைத் தெலுங்கர் என்று யார் சொன்னோம்?

இப்போ நம்ம கதைக்கு வருவோம். "வீட்ல தமிழ்தானே பேசறோம், தானா வந்துடும்" என்று நானும்தான் சொன்னேன். ஒன்பதாவது படிக்கும் என் பொண்ணு தெலுங்கு போர்டெல்லாம் மடமடவென்று படிப்பாள். பாட்டி தமிழில் வாட்ஸ்அப் அனுப்பினால் போனை என்னிடம் நீட்டுவாள். போன மாசம் அப்படி ஒன்றைப் படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு வரி, "உங்கப்பன் போனே பண்றதில்லை". அதை விழுங்கிவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே இப்படி ஒரு ஏஜென்ட் எதுக்கு?

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லையென்றால் சேமிப்புக் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். பணம் உள்ளேதான் இருக்கும், சட்டென்று எடுக்க முடியாது. தாய்மொழியும் அப்படித்தான். பெற்றவர்கள் போட்டு வைத்தது மட்டும் போதாது.

ஞாயிறு சாயங்காலம் அரை மணி நேரம், அ ஆ-வில் ஆரம்பித்திருக்கிறோம். அந்த வரியை அவளே படிக்கும் நாள் வரும். அதற்குள் நான் அம்மாவுக்குப் போன் பண்ணிவிட வேண்டும்.

உங்க வீட்டில் எப்படிங்க?