அழைக்கும் பட்டையா, அடிக்கும் பட்டையா?

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. பயன்படாத முயற்சிக்கு அதை உவமையாகச் சொல்வோம். ஆனால் அதில் குற்றவாளி யார்? கேளாத காதா, அதில் ஊதிய வாயா? ஊதியவனே என்பது என் துணிபு. செவி இல்லாவிட்டால் கண் இருக்கிறது, தோல் இருக்கிறது, மூக்கு இருக்கிறது. அந்த வாயில்களைத் தட்ட அறியாதவன், மூடிய ஒரு வாயிலில் நின்று முழங்கிவிட்டுப் பழியை மட்டும் உள்ளே இருப்பவன்மீது போடுவது முறையன்று.

இந்தச் சிந்தனையைக் கிளறியது ஒரு நாய்க்குட்டி. நம் சங்கத்து நண்பர் ஒருவர், சென்ற விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது இராசபாளையம் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வளாகத்துக்கு வெளியே தாம் குடியிருக்கும் வாடகை வீட்டில் அதை வளர்க்கிறார். அதற்குப் பிறவியிலேயே காது கேளாது என்பது பிறகுதான் தெரிந்தது. "யாருக்காவது கொடுத்துவிடு" என்றனர் சிலர். "மின்சாரப் பட்டை ஒன்றை வாங்கிக் கட்டு, இரண்டு முறை பொத்தானை அமுக்கினால் தானே வழிக்கு வரும்" என்றனர் வேறு சிலர். முதல் யோசனையை நண்பர் ஏற்கவில்லை. இரண்டாவதற்கு நம்மிடையே ஆதரவு பெருகி வருவதைக் காண்கிறேன். அந்த ஆதரவு தவறானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் குறை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வோம். இராசபாளையம் நாயின் பெருமை அதன் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும். 2005இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் நாம் மெச்சும் அந்த வெண்மைக்கு நாய் விலை கொடுக்கிறது. உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் இரத்தக்குழாய்ப் படலம் நலமாக இருக்க நிறமி உயிரணுக்கள் தேவை. வெண்மையைத் தரும் சில மரபுக்கூறுகள் அந்த அணுக்களை உட்செவிக்குப் போய்ச் சேரவிடாமல் செய்துவிடுகின்றன. அப்போது அந்தப் படலம் சிதைகிறது. ஒலியை உணரும் மயிரணுக்களும் மடிகின்றன. குட்டி பிறந்த மூன்று, நான்கு வாரங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. டால்மேஷன் என்னும் புள்ளி நாயிடமும் இதே குறை மிகுதி. ஆகவே, அழகுக்காக வெண்மையைத் தேடித் தேடி இனம் பெருக்கிய மனிதனுக்கும் இந்தக் குறையில் பங்கு உண்டு. பங்குள்ளவனே தண்டிக்கப் புறப்படுவது நியாயமா?

இனிப் பட்டைக்கு வருவோம். "பயிற்சிப் பட்டை" என்ற ஒரே பெயரில் கடைகளிலும் இணையத்திலும் பலவகைப் பொருள்கள் விற்கின்றன. ஒன்று பீப் என்று ஒலி எழுப்பும். காது கேளாத நாய்க்கு அதனால் பயன் இல்லை. இன்னொன்று கைப்பேசியைப் போல் அதிரும்; கையிலுள்ள சிறு கருவியை அமுக்கினால் நாயின் கழுத்தில் அதிர்வு உண்டாகும். மூன்றாவது, இரண்டு உலோக முனைகள் வழியாகத் தோலில் மின்சாரத்தைப் பாய்ச்சும். குரைத்தால் தானாகவே தண்டிக்கும் பட்டையும் உண்டு. தன் குரலே தனக்குக் கேளாத நாய்க்கு அதைக் கட்டுவதைப்போன்ற கொடுமை வேறில்லை. பல கருவிகளில் ஒலி, அதிர்வு, மின்சாரம் மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. பொத்தான்கள் அருகருகே இருப்பதால் விரல் தவறினால் போதும், அழைப்பு அடியாகிவிடும்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். மின்சாரம் மிகக் குறைவு, எறும்பு கடித்ததுபோல் இருக்கும் என்றும் சொல்வார்கள். நாயின் நிலையில் நின்று எண்ணிப் பாருங்கள். காது கேட்கும் நாய்க்கு முதலில் அதட்டல் கேட்கும். ஏதோ தவறு என்று அறிய வழியுண்டு. கேளாத நாய்க்கு முன்னறிவிப்பே இல்லை. அது எதிரே வரும் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அல்லது பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நொடியில் கழுத்தில் சுரீர் என்று வலிக்கிறது. பொத்தானை அமுக்கியவர் பின்னால் இருபது அடி தொலைவில் நிற்கிறார். வலி எங்கிருந்து வந்தது என்று அது முடிவு செய்யும்? சைக்கிளிலிருந்து, குழந்தையிடமிருந்து! இப்படி அஞ்சத் தொடங்கிய நாய் ஒருநாள் கடிக்கத் தொடங்கினால், பிறகு அதற்கு வீடேது?

பரிவு வேறு, பயன் வேறு என்று வாதிடும் நண்பர்களுக்கும் விடை உண்டு. இங்கிலாந்திலுள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மின்பட்டையால் பழக்கிய நாய்கள் உணவும் பாராட்டும் தந்து பழக்கிய நாய்களைவிடச் சிறந்து விளங்கவில்லை. அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையும், பரிசளித்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்து மின்பட்டையை விலக்குகிறது. வேல்ஸ் நாடு 2010இலேயே அதற்குத் தடை விதித்தது. நம் நாட்டிலோ, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தேவையில்லாத வலியை உண்டாக்குவதைக் குற்றம் என்கிறது. அதற்காக மாநிலங்களவையில் முதற்குரல் கொடுத்தவர், கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவர் பிறந்த மண்ணிலிருந்து வந்த நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? அதிர்வு மட்டும் உள்ளதை வாங்குங்கள். மின்சாரம் பாய்ச்சும் வசதியே அதில் இருக்கக்கூடாது. அதிர்வைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும். சில நாய்கள் மெல்லிய அதிர்வுக்கே மிரளும். எடை குறைவாக இருக்கட்டும். நீர் புகாததாக இருக்கட்டும். கட்டியபின் பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நாள் முழுதும் கட்டி வைத்தால் தோல் புண்ணாகும்; பயிற்சி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கயிறு மாட்டுவதற்கு வேறு பட்டையோ மார்வாரோ இருக்கட்டும். அதில் "எனக்குக் காது கேளாது" என்று பொறித்த தகடும் தொலைபேசி எண்ணும் தொங்கட்டும். அந்தத் தகடு இந்நகரத்து மக்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். நம் தமிழ்ப்பற்றை நாயின் கழுத்தில் காட்ட வேண்டா!

வாங்கியவுடன் கட்டி அமுக்கிவிடாதீர்கள். சில நாட்கள் வெறுமனே அணிந்து பழகட்டும். பிறகு ஒருமுறை மெல்ல அதிரச் செய்து, உடனே ஒரு துண்டு இறைச்சியோ பன்னீரோ கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மறுநாள் மீண்டும் செய்யுங்கள். சில நாட்களில், அதிர்ந்தவுடன் குட்டி திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைதான் பட்டையின் முழுப் பயன். "என்னைப் பார்" என்பதற்கு மேல் பட்டை ஒன்றும் சொல்ல வேண்டுவதில்லை. மற்றவற்றைக் கை சொல்லும்: வா, உட்கார், நில், நன்று. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சைகையையே காட்ட வேண்டும். கோபத்தில் ஒருமுறைகூட அதிர்வைத் தண்டனையாக்கக்கூடாது. நல்ல செய்தி கொண்டுவரும் தபால்காரரை ஒருமுறை உதைக்க அனுப்பினால், மறுமுறை யார் கதவு திறப்பார்கள்?

அதிர்வுக்கும் மிரளும் குட்டியானால் பட்டையே வேண்டா. தரையைக் காலால் தட்டினால் அதிர்வு உணரும். இரவில் விளக்கை அணைத்து ஏற்றினால் திரும்பிப் பார்க்கும். எந்தப் பட்டையானாலும் அது கயிற்றுக்கு மாற்றாகாது. பாட்டரி தீரும், தொலைவு கூடினால் தொடர்பு அறும், பேருந்தின் ஒலிப்பான் நாய்க்குக் கேளாது. சாலைக்கு அருகே கயிறின்றி அதை விடுவது அன்பன்று, அசட்டை.

இறுதியாக ஒன்று. நாம் இந்நகருக்கு வந்த புதிதில் இங்குள்ள மொழி நமக்கும் புரியவில்லை. சொன்னதையே உரக்கச் சொன்னவர்களால் நமக்கு உதவி இல்லை. கையைக் காட்டி வழி சொன்னவர்களால்தான் உதவி. மொழி எட்டாத இடத்தில் குரலை உயர்த்துவது அறிவாகாது. அங்கே அடிப்பது மனிதத்தன்மையும் ஆகாது. ஆகவே நண்பர்களே, நம் சங்கத்தார் சேர்ந்து பணம் திரட்டி அந்தக் குட்டிக்குப் பட்டை வாங்கித் தருவதாக இருந்தால், அழைக்கும் பட்டையாக வாங்குவோம். அதனுடன் நான்கு சைகைகளையும் கற்றுக்கொள்வோம். பட்டைக்குப் பணம் போதும். சைகைக்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையை யார் யார் தரப்போகிறீர்கள் என்பதே என் கேள்வி.