நடுக்கடலில் 112 யாருக்குக் கேட்கும்?

2024 ஒக்டோபர் 28 அன்று அவுஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் தங்கள் 3ஜி வலைகளை மூடத் தொடங்கின. வோடபோன் அந்த ஆண்டின் முற்பகுதியிலேயே மூடிவிட்டது. அதன்பின் சிட்னியின் டூங்கபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கத்து வீடுகளில் நம்மைப் போன்ற வலைப் பொறியியலாளர்களிடம் பலர் கேட்ட கேள்வி ஒன்று: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவின் போனை இங்குள்ள சிம் ஏன் ஏற்கவில்லை? யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வாங்கிய போன். 4ஜி உண்டு, திரை நன்றாக இருக்கிறது, வட்ஸ்அப் ஓடுகிறது. பிறகு என்ன குறை?

குறை 000 என்ற அவசர எண்ணில் இருந்தது. அந்தப் போன்களில் ஒரு பகுதி, சாதாரண அழைப்பை வோல்ட்டீயில் எடுத்துக்கொள்ளும். அவசர எண்ணைத் தட்டியதும் 3ஜியைத் தேடி இறங்கும். அவுஸ்திரேலிய வலைகளில் அவசர அழைப்பை 4ஜி வழியே அனுப்பும் அமைப்பு அவற்றின் மென்பொருளில் எழுதப்படவில்லை. 3ஜி போனபின் அந்த அழைப்புக்குப் போக்கிடம் கிடையாது. அப்படிப்பட்ட கருவிகளுக்குச் சேவை தரக்கூடாது என்று அரசு விதித்தது. கடுமையான விதி, ஆனால் சரியான விதி. ஆபத்து வேளையில் மட்டும் கைவிடும் போனை மற்ற நாளெல்லாம் நம்பியிருப்பதைவிட, இன்றே அது உதவாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த ஆண்டு இன்னொரு பாடம். 2025 செப்டெம்பர் 18 அன்று ஒப்டஸ் தன் வலையில் ஒரு ஃபயர்வாலை மேம்படுத்தியபோது, தென் அவுஸ்திரேலியா, மேற்கு அவுஸ்திரேலியா, வட பிரதேசம் ஆகிய பகுதிகளிலிருந்து 000 அழைப்புகள் பல மணிநேரம் போகாமல் விழுந்தன. உயிரிழப்புகளும் நேர்ந்தன. கோபுரங்கள் இயங்கிக்கொண்டே இருந்தன; சாதாரண அழைப்புகள் போய்க்கொண்டிருந்தன. அதனால்தான் போன்கள் பக்கத்து நிறுவனத்தின் வலைக்கு மாறவில்லை. சிக்னல் இருக்கிறது என்று கோபுரம் சொல்கிறது, போன் நம்புகிறது, நோயாளி காத்திருக்கிறார்.

ஒரே ஒழுங்குமுறை ஆணையமும் ஒரே முதன்மை அவசர எண்ணும் உள்ள நாட்டில் நிலைமை இது. இந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாக்கு நீரிணையைப் பாருங்கள் என்பதே இந்த இதழில் நான் வைக்கும் வேண்டுகோள். நம் வாசகர்களில் பாதிப்பேருக்கு அந்தக் கடலின் ஏதோ ஒரு கரையில் உறவு இருக்கிறது. பேசாலையிலும் வல்வெட்டித்துறையிலும், பாம்பனிலும் கோட்டைப்பட்டினத்திலும் ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகிறவர்கள் சட்டைப்பையில் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர். கோடியக்கரையிலிருந்து காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கம் ஐம்பது அறுபது கிலோமீற்றர். கடல்மட்டத்திலிருந்து 50 மீற்றர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவின் ரேடியோ அடிவானம் ஏறக்குறைய 29 கிலோமீற்றர். படகில் நிற்பவரின் போன் 3 மீற்றர் உயரத்தில் இருந்தால் இன்னும் 7 கிலோமீற்றர் கூடும். அதாவது நீரிணையின் ஒடுங்கிய பகுதியில் எந்த இடத்தில் படகு நின்றாலும் இரு நாட்டுக் கோபுரங்களும் அதற்குக் கண்ணுக்கு எட்டிய தூரம்தான். குறுக்கே மலையும் மரமும் இல்லை. காற்று அடங்கிய வெப்பநாட்களில் நீர்ப்பரப்புக்கு மேல் அலைக்குழாய் உருவாகி, அடிவானத்துக்கு அப்பாலும் சிக்னலை இழுத்துச் செல்லும். 1974இலும் 1976இலும் இரு அரசுகளும் வரைந்த கடல் எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது. 404, 405 என்ற இந்திய நாட்டுக் குறியீடுகளும் 413 என்ற இலங்கைக் குறியீடும் அந்தக் கோட்டின் இருபுறமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன.

சிக்னல் எட்டுவது வேறு, அழைப்பு எட்டுவது வேறு. இதை நம் துறையில் உள்ளவர்களே மறந்துவிடுகிறார்கள். ஜிஎஸ்எம் முறையில் நேர முன்னகர்வின் உச்சம் 63 படிகள். ஒரு படி சுமார் 550 மீற்றர். அதனால் வழக்கமான 2ஜி செல்லின் எல்லை 35 கிலோமீற்றர். எல்டிஈயில் நேர முன்னகர்வு 100 கிலோமீற்றர்வரை இடம் தரும். ஆனால் போன் முதன்முதலில் கோபுரத்தைத் தட்டி அழைக்கும் முன்னோட்ட அலை எந்த வடிவத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதே அங்கே தீர்ப்பு. நகரத்துக்கு எழுதிய வார்ப்புருவில் அது வடிவம் 0. அதன் எல்லை சுமார் 14.5 கிலோமீற்றர். வடிவம் 1 என்றால் 77, வடிவம் 3 என்றால் 100. கூடவே சுழற்சி நகர்வின் மதிப்பைச் சிறிதாக வைத்திருந்தால் எல்லை இன்னும் சுருங்கும்.

இதன் பொருளைப் படகிலிருந்து யோசியுங்கள். கரையிலிருந்து 25 கிலோமீற்றரில் 700 அல்லது 850 மெகாஹெர்ட்ஸ் எல்டிஈ சிக்னல் இரண்டு கோடு காட்டும். போன் அந்தச் செல்லில் குந்தியிருக்கும். அழைத்தால் கோபுரம் அந்தத் தட்டலைப் புரிந்துகொள்ளாது. மீண்டும் மீண்டும் தட்டி, மின்கலத்தைத் தீர்த்து, ஒன்றும் நடக்காது. அதே கோபுரத்தில் 2ஜி இருந்தால் அதே தூரத்திலிருந்து பேசியிருக்கலாம். கரையோரத்தில் 4ஜிக்கு மேம்படுத்திவிட்டோம் என்று அறிவிக்கும்போது, மேம்பட்டது ஊருக்குள் இருப்பவரின் வேகம். கடலில் இருப்பவரின் எட்டுதூரம் பாதிக்கும் கீழே போயிருக்கலாம். வடிவத்தை மாற்றுவதற்குப் புதுக் கோபுரம் தேவையில்லை. கடலைப் பார்க்கும் செக்டர்களில் மட்டும் அளவுருக்களைத் திருத்தினால் போதும். மூல வரிசைகள் கூடுதலாகச் செலவாகும், அலைநேரம் கொஞ்சம் போகும். அந்தச் செலவை ஏற்க மறுக்கும் திட்டமிடலை என்னால் ஏற்க முடியவில்லை.

அவுஸ்திரேலியா இதை ஒருமுறை சரியாகச் செய்தது. 2008 ஏப்ரிலில் சிடிஎம்ஏ வலையை மூடும்போது, நாட்டுப்புறத்தின் எட்டுதூரம் போய்விடும் என்ற பயம் எழுந்தது. டெல்ஸ்ட்ரா தன் 850 மெகாஹெர்ட்ஸ் 3ஜி வலையில் சில கோபுரங்களை 200 கிலோமீற்றர்வரை எட்டும்படி மென்பொருளால் நீட்டியது. கரையோர மீனவர்களும் அதனால் பயன்பெற்றார்கள். கேட்டவர்கள் இருந்தார்கள், செய்தார்கள்.

இனி அயல்நாட்டு வலை. தானியங்கித் தேர்வில் இருக்கும் போன், சொந்த வலை மங்கியதும் கிடைத்ததைப் பிடிக்கும். ரோமிங் ஒப்பந்தம் இருந்தால் பதிவாகும், கட்டணம் ஓடும். இல்லாவிட்டால் அவசர அழைப்புக்கு மட்டும் என்ற நிலையில் நிற்கும். அயல் சிக்னல் நன்றாக இருக்கும்வரை எளிதில் திரும்பி வராது. தனுஷ்கோடி மணலில் நிற்பவருக்கு இலங்கைக்கு வரவேற்பு என்று குறுஞ்செய்தி வருவதைச் சுற்றுலாப் பயணிகள் வேடிக்கையாகச் சொல்வார்கள். கடலில் உள்ளவருக்கு அது வேடிக்கையில்லை. இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. மீனவர் கூட்டங்களில் கற்றுத்தரப்படும் எண் அது. இலங்கை வலையில் நிற்கும் போனில் 1554 வெறும் நான்கு இலக்கம். அதை எங்கே அனுப்புவது என்று அந்த வலைக்குத் தெரியாது. இலங்கையிலிருந்து போகும் படகுக்கு 1990 அம்புலன்ஸ் எண்ணும் இந்திய வலையில் அப்படித்தான். 112ஐயும் 911ஐயும் மட்டும் எந்த நாட்டுச் சிம் இருந்தாலும் போன் அவசர எண்ணாக அறிந்து, பிடித்திருக்கும் வலையின் அவசர மையத்துக்குத் தள்ளும். ஆகவே இரு கரையிலும் மீனவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய எண் 112. அதை எடுக்கும் மையம் எந்த நாட்டதாக இருந்தாலும், தமிழில் பேசக்கூடியவரும் எதிர்க்கரைக் கடற்படைக்கோ காவல்படைக்கோ உடனே கைமாற்றும் ஏற்பாடும் அங்கே இருக்கவேண்டும்.

இன்று அந்த 112 ஓரளவு நம்பகமாகப் போவதற்குக் காரணம் 2ஜி. எந்த நாட்டுப் போனும் எந்த நாட்டு 2ஜி வலையிலும் அவசர அழைப்பை ஒரே மாதிரியாகத்தான் எடுக்கும். இந்தியாவின் ஜியோ தொடக்கத்திலிருந்தே 2ஜி இல்லாத வலை. மற்றவர்களும் ஒருநாள் மூடுவார்கள். அலைக்கற்றையின் விலை அவர்களைத் தள்ளும். அன்று டூங்கபி வீட்டில் அம்மாவின் போனுக்கு நேர்ந்தது, எல்லைக்கோட்டுக்கு அருகே நிற்கும் ஒவ்வொரு படகின் போனுக்கும் நேரும். அயல் வலையில் 4ஜி வழி அவசர அழைப்பு எடுக்க அதன் மென்பொருள் தெரிந்துவைத்திருக்கிறதா? சிம்மைப் பதிவுசெய்யாத நிலையிலும் அந்த வலை அவசர அழைப்பை ஏற்கிறதா? இந்த இரண்டையும் போன் மாதிரி வாரியாக, வலை வாரியாகச் சோதித்துப் பார்த்த பின்னரே இராமநாதபுரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் கரைகளிலும் மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணக் கரைகளிலும் 2ஜியை அணைக்கலாம். அதுவரை கடல் நோக்கிய செக்டர்களிலாவது 200 கிலோஹெர்ட்ஸ் கற்றைகள் சிலவற்றை விட்டுவைக்கட்டும்.

பாதுகாப்புக் காரணம் சொல்லப்படும் என்று எனக்குத் தெரியும். எல்லையோரக் கோபுரங்களின் அலை எல்லையை அண்டும்போது மங்கி, அப்பால் பயன்படாமல் போகவேண்டும் என்ற பொருளில் இந்திய உரிம நிபந்தனைகளில் நீண்டகாலமாக ஒரு வாசகம் உண்டு. முள்வேலி போட்ட நில எல்லைக்கு அதன் நியாயம் புரிகிறது. கடலில் அந்த நியாயத்தின்படி ஆன்டெனாவைக் கீழே சாய்த்தால், முதலில் இருட்டில் விழுபவர் சொந்தக் கடலுக்குள் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் சொந்த நாட்டு மீனவர்.

அந்தக் கடலில் வேறு வழக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டு விசைப்படகுகளின் இழுவைமடி வடபகுதி மீனவர்களின் வலையையும் வாழ்வையும் கிழித்திருக்கிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. கைதும் படகுப் பறிமுதலும் தொடர்கின்றன. நல்ல சிக்னல் அத்துமீறலுக்குத் துணைபோகும் என்று மன்னாரில் ஒருவர் சொன்னால் நான் அவரைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் இயந்திரம் நின்று, காற்று மாறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்ந்துகிடக்கும் படகு எந்தக் கரையுடையது என்று நம் கோபுரம் பார்த்துப் பதில் சொல்லக்கூடாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மீனவர்களைத் தாக்கியபோது, கரையின் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் படகுகள் இருந்தன. அதன்பின் 2019இல் ஜெமினி கருவி வந்தது. அது செய்தி வாங்கும், அனுப்பாது. 2023இல் ஒரு இலட்சம் படகுகளுக்கு இருவழிச் செய்மதிக் கருவி பொருத்த இந்திய அரசு ஒப்புதல் தந்தது; எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்யும். நல்ல வேலை. விஎச்எஃப் 16ஆம் அலைவரிசையும் இருக்கிறது, அதற்கு மாற்று எதுவும் இல்லை. இருந்தாலும் இரண்டு பேர் போகும் கண்ணாடியிழை வள்ளத்தில் கடைசியில் கையில் இருப்பது போன்தான்.

டொரெஸ் நீரிணையும் நமக்கு ஒரு பாடம். அவுஸ்திரேலியாவின் சைபாய் தீவிலிருந்து பப்புவா நியூகினிக் கரை சுமார் 4 கிலோமீற்றர். 1978இல் கையெழுத்தாகி 1985இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, அங்குள்ள மக்கள் பாரம்பரியக் காரியங்களுக்குக் கடவுச்சீட்டு இல்லாமல் போய்வரலாம். 2022 ஜூலையில் டெல்ஸ்ட்ரா, அவுஸ்திரேலிய அரசின் பணவுதவியோடு டிஜிசெல் பசிபிக் நிறுவனத்தை வாங்கியது. ஆகவே 505 குறியீட்டுக் கோபுரமும் 537 குறியீட்டுக் கோபுரமும் இன்று ஒரே குடும்பம். ஆளுக்குக் கடவுச்சீட்டு வேண்டாம், நிறுவனம் ஒன்று. அப்படியிருந்தும் அங்குள்ளவரின் போனுக்கு அக்கரை வெளிநாடு. எல்லை கடக்கும் அவசர அழைப்பை முன்மாதிரியாகச் செய்துகாட்ட உலகில் இதைவிட வாய்ப்பான இடம் குறைவு. டெல்ஸ்ட்ராவில் பணிபுரியும் நம் வாசகர்கள் இதை உள்ளே எழுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐரோப்பாவில் அயல் அரசுகள் உட்கார்ந்து எல்லைக்கோட்டில் எவ்வளவு அலைவலிமை விழலாம் என்று பொதுவான கணக்கு முறையில் உடன்படுகின்றன. எல்டிஈயின் 504 செல் அடையாளங்களையும் பங்கிட்டுக்கொள்கின்றன. தற்செயல் ரோமிங்கிலிருந்து வாடிக்கையாளரைக் காப்பது நிறுவனத்தின் கடமை என்று சட்டமே சொல்கிறது. 5ஜி பரவும்போது பாக்கு நீரிணைக்கு இது இன்னும் அவசியமாகும். 3.5 கிகாஹெர்ட்ஸ் வலைகள் ஒரே அலையில் மாறிமாறி அனுப்பி வாங்குபவை. இரு கரையின் சட்டக நேரங்கள் ஒத்துப்போகாவிட்டால், அலைக்குழாய் உருவாகும் நாளில் ஒரு கரையின் இறங்குவழி மற்றக் கரையின் ஏறுவழியை மூழ்கடிக்கும். சீனாவில் டிடி-எல்டிஈ வலைகள் இந்தத் தொலைக் குறுக்கீட்டால் பட்ட பாட்டுக்குப் பிறகே 3ஜிபிபியின் 16ஆம் வெளியீட்டில் அதற்கான தீர்வுமுறை சேர்க்கப்பட்டது. டில்லியும் கொழும்பும் பேசத்தான் போகின்றன. பேசும் மேசையில் குறுக்கீட்டுக்குப் பக்கத்தில் அவசர அழைப்பையும் ஒரு தலைப்பாக வைக்கச் சொல்வோம்.

அளவீடு இல்லாமல் போனால் அந்த மேசையில் நம்மை யாரும் கேட்கமாட்டார்கள். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரில் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அனுமதி பெற்றுப் படகு அமர்த்தி, சொந்தக் கடல் எல்லைக்குள் ஓடி அளக்க நல்ல காலம். அண்ணா பல்கலைக்கழக மாணவர்களும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களும் தத்தம் பக்கத்தில் ஒரே முறையில் அளந்தால் நீரிணையின் முழுப்படம் கிடைக்கும். ஒவ்வொரு அளவுப்புள்ளியிலும் அலைவலிமையோடு நின்றுவிடாமல், நாட்டுக் குறியீடு, செல் அடையாளம், முன்னோட்ட முயற்சி வென்றதா தோற்றதா, நேர முன்னகர்வு, அன்றைய காற்றும் வெப்பமும், கருவியின் மென்பொருள் பதிப்பு ஆகியவற்றையும் எழுதுங்கள். அவசர மையங்களோடு முன்கூட்டியே பேசாமல் 112ஐச் சோதிக்கவேண்டாம். அளவீட்டுப் படிவத்தின் வரைவை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். திருத்தங்களை மன்னாரிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் முதலில் எதிர்பார்க்கிறோம்.

ஆசிரியர்
டூங்கபி, சிட்னி